அது வேர்க்குருதான்

கச்சான் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வறுத்த நிலக்கடலை. நமக்கு அது காற்று. மேற்கிலிருந்து காய்ந்த காட்டைக் கடந்து, அறுவடை முடிந்த வயல்களின் மேலாக வந்து, கொடியில் போட்ட சேலையை மறு நுனி விரிப்பதற்குள் உலர்த்திவிடும் காற்று. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த நம் பெற்றோர் முதலில் அதையும் சோளகம் என்றுதான் சொன்னார்கள். தெற்கிலிருந்து வரும் சோளகத்தில் கடலின் ஈரம் இருக்கும். இது வேறு சாமான் என்று தெரிய அவர்களுக்குச் சில கோடைகள் எடுத்தன. பிறகு வன்னியின் பழைய ஊர்ச் சனங்களிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்கள்.

உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்கால் கரையில் என்னோடு வளர்ந்தவர்களில் எஞ்சியிருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். எழுத வைத்ததும் உங்களில் ஒருவர்தான். போன மாதம் நம்மவர் ஒருவரின் பேத்தி கலியாணத்தில், குளிரூட்டிய மண்டபத்தில், சாப்பாட்டு மேசையில் அவர் என்னைக் கேட்டார்:

"உங்கட சின்னம்மா அம்மாளுக்குத் தண்ணி ஊத்தினபடியாத்தானே அந்த வருஷம் கொலனி முழுக்க அம்மாள் போட்டது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். இவ்வளவு காலம் போன பிறகும் அந்தக் கதை அப்படியே, ஒரு மயிர் கூட நரைக்காமல் இருக்கிறது.

காலத்தை முதலில் சரிசெய்துவிடுகிறேன். சூறாவளிக்குப் பிந்திய கோடை என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அறுபத்துநாலு சூறாவளியில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தபோது சின்னம்மா எங்களோடு இல்லை. ஐம்பத்தேழு வெள்ளத்தில் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நடந்தது நிழல்போல நினைவிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கோடை அது. நான் மூன்றாம் வகுப்பு. தம்பிக்கு இன்னும் முடி இறக்கவில்லை. வைகாசி விசாகத்தை ஒட்டிய நாட்கள். அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னிடம் இருந்த பழைய பஞ்சாங்கங்கள் இடப்பெயர்வில் ஒரு தகரப் பெட்டியோடு போய்விட்டன. ஊகத்தில் தேதி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

வெயில் அந்த வருடம் கொடிது என்பதில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதால் கோடைப் பயிரான சிறுபோகம் விதைக்கவில்லை. வாய்க்காலில் ஆங்காங்கே குட்டைகள் மட்டும் நின்றன; சிலவற்றில் மீன் செத்து நாறியது. பள்ளிக்கூடக் கிணறு வற்றியதும் தலைமை வாத்தியார் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார். நாம் துள்ளிக் குதித்தோம். வீட்டுக்குள் அதைவிடப் பெரிய சூடு காத்திருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

நம் வீடுகள் நினைவிருக்கிறதா? ஒரே அச்சில் வார்த்ததுபோல, ஒவ்வொரு காணியிலும் ஒன்று. காணிக்குள் ஒரு மரம் கிடையாது. எங்கள் வளவில் மட்டும், நாங்கள் வந்த புதிதில், ஒரு பெரிய பாலை மரம் நின்றது. அதன் நிழல் காலையில் சமையல் குசினியையும் பின்னேரத்தில் முற்றத்தையும் மூடும். அப்பா அதைத் தறித்துவிட்டார்.

"மரம் நிண்டால் பழம். பழம் பழுத்தால் கரடி. பிள்ளையளை வைச்சுக்கொண்டு என்னெண்டு இருக்கிறது?" என்றார்.

பாலைப்பழத்துக்குக் கரடி வரும் என்பது உண்மை. எங்கள் வளவுக்கு மட்டும் ஒருநாளும் வரவில்லை. வெயில் ஒவ்வொரு நாளும் வந்தது. மரம் நின்ற இடத்தில் அப்பா தென்னம்பிள்ளைகள் வைத்தார். ஒவ்வொரு தென்னம்பிள்ளைக்கும் வெயில் படாமல் நான்கு பக்கமும் ஓலைக் கிடுகு கட்டினார். நானும் அண்ணாவும் அந்தக் கிடுகு நிழலுக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு படுத்திருப்போம்.

அந்தக் கோடையை எங்களுக்குச் சகிக்கக்கூடியதாக ஆக்கியவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை. தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு உதவியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கலியாணப் பேச்சு எழுந்ததால் எங்களோடு தங்கிவிட்டவர். இருபது வயது இருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடும் வழக்கம் அவருக்கு இல்லை. அதற்காகவே பல பேச்சு வாங்கினார்.

காலையில் சாக்குகளைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து யன்னல்களில் தொங்கவிடுவார். காற்று அதற்குள்ளால் வரும்போது சணல் மணமும் ஈர மணமும் சேர்ந்து வரும். குசினியின் மண் தரையில் தண்ணீர் தெளித்து, "வாங்கோ, எருமையள்" என்று எங்களைக் கூப்பிட்டு வரிசையாகப் படுக்க வைப்பார். சட்டையைத் தூக்கி வெறும் வயிற்றைத் தரையில் வைத்தால் ஒரு குளிர் ஏறும் பாருங்கள். பக்கத்துக் காணிப் பிள்ளைகளும் வந்து படுப்பார்கள். படுத்தபடியே கொக்கான் வெட்டுவோம். மேலே எறிந்த கல் யாராவது ஒருவரின் முதுகில் விழும், அதற்கொரு சண்டை வரும்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஐஸ்பழம் தின்றவர் எங்களுக்குள் சின்னம்மா ஒருவர்தான். அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்போம்.

"சின்னம்மா, அது நாக்கைச் சுடுமோ?"

"ஓம், சுடும். ஆனா குளிராலை சுடும்."

"பொய்."

"பொய்யெண்டால் நாளைக்குச் செய்து காட்டுறன்."

தேசிக்காய்ப் புளியும் சீனியும் கரைத்துச் சிரட்டையில் விட்டு, ஈரத்துணி சுற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். பின்னேரம் வரை நாங்கள் கிணற்றுக் கட்டைச் சுற்றிக் காவல் இருப்போம். இழுத்துப் பார்த்தால் அது தண்ணீராகவே இருக்கும். "இண்டைக்குக் கிணத்துக்குக் கோவம் ஆறேல்லை. நாளைக்குப் பாப்பம்" என்பார். ஆளுக்கு ஒரு மிடறு கிடைக்கும். பிற்காலத்தில் எத்தனையோ குளிர்பானம் குடித்துவிட்டேன். அந்தச் சிரட்டையின் நார் மணம் எதிலும் இல்லை.

வெயிலுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். காலையில் மெல்ல வந்து போகப்போக அடிப்பது வாத்தியார் வெயில். வீதியில் ஒருவரையும் நிற்கவிடாத நடுப்பகல் பொலிஸ் வெயில். பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் இருந்து போகாமல் சுடுவது மாமி வெயில்.

இதை மாமி ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஆரடி அது மாமி வெயில்?"

"ஐயோ, நீங்களில்லை அக்கா. சூரியன்ர மாமி."

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை.

மாமி அப்பாவின் தமக்கை. கணவரை இழந்து எங்களோடு இருந்தவர். வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எங்களைப் பாதுகாக்க அவரிடம் ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. உச்சி வெயிலில் கிணற்றடிக்குப் போகக்கூடாது. வெயிலில் நின்று வந்தவுடன் தண்ணீர் குடிக்கக்கூடாது. ஈரத் தலையோடு வெளியே இறங்கினால் சன்னி வரும். எல்லாம் எங்கள் நன்மைக்குத்தான். மாமிக்கு ஒரு மகன் இருந்தானாம். யாழ்ப்பாணத்தில் அவனுக்கு அம்மாள் வந்தபோது, காய்ச்சல் என்று நினைத்து யாரோ தலைக்குத் தண்ணீர் வார்த்து, பிள்ளை போய்விட்டது. அது தண்ணீரால் போனதா, நோயால் போனதா என்று எனக்குத் தெரியாது. மாமிக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை.

அம்மாள் என்று நாம் கோயிலில் இருப்பவரையும் சொன்னோம், உடம்பில் கொப்புளமாக வருபவரையும் சொன்னோம். உடம்பில் வந்தால் அதை நோய் என்று சொல்லக்கூடாது. எழுந்தருளியிருக்கிறா என்று சொல்ல வேண்டும். மருந்து கிடையாது. வேப்பங்குழை கட்டி, வெள்ளைத் துணியில் கிடத்தி, கொப்புளம் காய்ந்த பிறகு ஒரு நல்ல நாளில்தான் தண்ணீர் வார்ப்பார்கள். அதற்கு முன் உடம்பில் தண்ணீர் பட்டால் அம்மாள் கோபித்துக்கொள்வா.

சின்னம்மாவுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை மாமியின் கணவருடைய தம்பி. வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தார். காக்கிக் காற்சட்டையும் சைக்கிளுமாக வருவார். வேலிப் படலையடியில் மணி அடித்தால் சின்னம்மா குசினிக்குள் ஓடிப்போய், சாக்கு இடைவெளியால் பார்ப்பார். ஆவணியில் கலியாணம் என்று பேச்சு. கூறைச் சேலையின் நிறம் வரைக்கும் முடிவாகியிருந்தது. அரக்கு.

விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. தம்பிக்கு அங்கே முடி இறக்குவதாக அம்மா நேர்த்தி வைத்திருந்தார். எங்கள் வாய்க்காலிலிருந்து கூடார வண்டிகள் புறப்பட்டன. அம்மாவும் அப்பாவும் தம்பியும் ஒரு வண்டியில் போனார்கள். வெயிலுக்குப் பயந்து என்னையும் அண்ணாவையும் விட்டுப் போனார்கள். வழியில் எங்களுக்கு ஏதும் வந்துவிடக்கூடாதாம். அம்மனுடைய கோபத்தைத் தணிக்கக் குளிர்த்தி என்று ஒரு வழிபாடு அங்கே நடக்கும். அதைப் பார்க்க முடியவில்லை என்று நான் அழுதேன்.

அவர்கள் போன பிறகு மாமி நெல் அவித்தார். வெயில் வீணாகப் போகக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அவித்த நெல்லை முற்றத்தில் பாய்களில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதிலை இருந்து காகத்தைக் கலை பிள்ளை."

"தலை சுடுது மாமி."

"தலையிலை சீலையைப் போடு. இந்த வெயிலுக்குத்தான் நெல்லு கலகலவெண்டு காயும்."

அண்ணா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். சின்னம்மா உடுப்புத் துவைக்க வாய்க்கால் குட்டைக்குப் போயிருந்தார். நான் ஒரு தடியோடு பாய் ஓரத்தில் இருந்தேன். அவித்த நெல்லிலிருந்து எழும் புழுங்கல் ஆவி முகத்தில் அடித்தது. முதலில் காகங்களை எண்ணினேன். பிறகு காகங்கள் வரவில்லை. அந்த வெயிலுக்கு அவைகூட வரவில்லை. கண்ணுக்கு முன்னால் முற்றம் வெள்ளையாகி, தென்னம்பிள்ளைக் கிடுகுகள் ஆடத் தொடங்கியது நினைவிருக்கிறது. எழும்பி உள்ளே போகலாம் என்று நினைத்தேன். மாமி சொல்லாமல் எப்படிப் போவது?

நெல்லின் மேல் விழுந்து கிடந்த என்னைச் சின்னம்மாதான் கண்டாராம். கன்னத்தில் நெல் ஒட்டியிருந்ததாம். அவர் சத்தம் போட மாமி ஓடிவந்து, இருவருமாக என்னைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். எனக்கு இடையிடையே நினைவு வந்து போனது. வாந்தி எடுத்தேன். நாக்கு மரத்துண்டுபோலக் கிடந்தது. அவர்கள் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்தப் பேச்சை நான் பிற்காலத்தில் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

"எவ்வளவு நேரம் அக்கா இவள் வெயிலுக்கை இருந்தவள்?"

என் சட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்த மாமி கையை நிறுத்தினார். என் கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"ஐயோ, தாயே! எழுந்தருளியிருக்கிறா."

"இது வேர்க்குரு அக்கா."

"வாயை மூடு."

"என்ர கழுத்தைப் பாருங்கோ, எனக்கும் கிடக்கு. முன்வீட்டுப் பிள்ளையளுக்கும் கிடக்கு. இந்த வெயிலுக்கு ஆருக்கு இல்லை? உடம்பு நெருப்பாக் கிடக்கு, ஒரு துளி வேர்வை இல்லை. தண்ணி வார்ப்பம் அக்கா."

"விசரே உனக்கு? அம்மாள் வந்த உடம்பிலை தண்ணி வார்க்கிறதோ? என்ர பிள்ளையைக் குடுத்த மாதிரி இதையும் குடுக்கச் சொல்லுறியோ?"

மாமி அழுதுகொண்டே சொன்னார். நான் அவரைக் கொடுமைக்காரி என்று எழுத வரவில்லை. யன்னலை மூடினார். ஈரச் சாக்கைக் கழற்றி எறிந்தார். வெள்ளை வேட்டியால் என்னைக் கழுத்து வரை போர்த்தினார். எங்கள் வளவில் வேம்பு இல்லை; அப்பா துப்புரவாக்கிய வளவு. வாய்க்கால் முடியும் இடத்தில்தான் ஒரு வேம்பு நின்றது. என்னைக் காப்பாற்ற அந்த உச்சி வெயிலில், செருப்பில்லாமல், மாமி அவ்வளவு தூரம் நடந்தார்.

படலை சாத்திய சத்தம் கேட்டதும் சின்னம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். அண்ணா அப்போதுதான் மாட்டோடு வந்து நின்றான்.

"துலாக் கயித்தைப் பிடி."

"மாமி கொல்லப் போறா சின்னம்மா."

"கொல்லட்டும். நீ இழு."

முதல் வாளி தலையில் விழுந்தபோது மூச்சு நின்றது. இரண்டாவது வாளியில் நான் கத்தினேன். அந்தக் கத்தலைக் கேட்டுச் சின்னம்மா சிரித்தார்; சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணா இழுக்க இழுக்க அவர் வார்த்துக்கொண்டே இருந்தார். பாசி மணம், இரும்பு வாளியின் துரு மணம், காலுக்கடியில் சேறாகிய மண். வாயைத் திறந்து குடித்தேன். ஏதோ ஒரு வாளியில் எனக்குச் சின்னம்மாவின் முகம் தெரிந்தது. நனைந்த தலைமயிர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவர் கழுத்திலும் எனக்கு இருந்ததுபோலவே சிவப்பு வேர்க்குரு.

மாமி வேப்பங்குழையோடு வந்தபோது நான் கிணற்றுக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மாமிக்குப் பின்னால் பக்கத்துக் காணி அம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு. அம்மாள் வந்திருக்கிறா என்று கேள்விப்பட்டு, கும்பிட வந்தவர். மாமியின் கையிலிருந்து குழை விழுந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். பக்கத்துக் காணி அம்மா குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

பின்னேரம் நான் கஞ்சி குடித்தேன். மறுநாள் எழுந்து நடந்தேன். கொப்புளம் ஒன்றும் வரவில்லை. அம்மாள் இல்லை என்பதற்கு அது போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மாமிக்கு அது வேறு விதமாகப் பட்டது. "கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டிட்டா. இனி எந்த வீட்டுப் படலையிலை போய் நிக்கப் போறாவோ" என்றார்.

இன்று யோசிக்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. அம்மாள் என்றால் அது ஒருவருடைய குற்றமும் இல்லை. வெயில் என்றால், பிள்ளையை வெயிலில் இருத்தியது யார் என்ற கேள்வி வரும். மாமி தெரிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரால் அந்தக் கேள்வியின் பக்கம் திரும்ப முடியவில்லை. அதற்கான விலையை இன்னொருவர் கொடுத்தார் என்பதுதான் என் கணக்கு.

பொங்கலுக்குப் போன வண்டிகள் திரும்பின. அம்மா கோயில் தீர்த்தத்தை வேப்பிலையால் தொட்டு என் தலையில் தெளித்தார். அது மட்டும் தண்ணீர் இல்லையாம். மாமி நடந்ததைச் சொன்னார். முற்றத்தில் அயலவர்கள் கூடியிருந்தார்கள். அப்பா உள்ளே வந்து, என் நெற்றியைத் தொட்டு, கண் இமையை இழுத்து, கழுத்தைப் பார்த்தார். அப்பா பேப்பர் வாசிக்கிறவர், வானொலி கேட்கிறவர். என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வெயில் பிடிச்சிருக்கு. வேறையொண்டுமில்லை. அவள் தண்ணி வார்த்ததாலைதான் பிள்ளை மிஞ்சினது."

"அப்ப வெளியிலை சொல்லுங்கோவன்."

"அக்காவை நாலு பேருக்கு முன்னாலை என்னெண்டு..." என்றார் அப்பா. பிறகு முற்றத்துக்குப் போய், "எல்லாம் அவளின்ர செயல். பிள்ளை சுகம்" என்று மட்டும் சொன்னார். அவளின்ர என்று அப்பா சொன்னது அம்மாளை. முற்றத்தில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இனி வருவதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதன் ஒழுங்கைத்தான் எல்லோரும் மாற்றிச் சொல்கிறீர்கள். நமது வாய்க்காலில் முதன்முதல் கொப்புளம் போட்டது எங்கள் வீட்டில் அல்ல. பொங்கலிலிருந்து திரும்பிய ஒரு வண்டிக்காரருக்கு. அவர் எங்கள் கிணற்றடிப் பக்கம் வந்ததே இல்லை. அடுத்தது அவருடைய பிள்ளைகளுக்கு. அங்கிருந்து வீடு வீடாக வந்தது. பெருஞ்சனம் கூடிய இடத்திலிருந்து நோய் வண்டி ஏறி வந்தது. இதைப் புரிந்துகொள்ள டொக்டர் தேவையில்லை. பக்கத்துக் காணி அம்மாவின் கைக்குழந்தைக்கும் வந்தது. அது தப்பவில்லை.

அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "தண்ணி ஊத்தினவளைக் கேளுங்கோ! என்ர பிள்ளை எங்கையெண்டு கேளுங்கோ!" சின்னம்மா குசினிக்குள் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தார். ஈரத் தரையில் நாங்கள் வரிசையாகப் படுத்த அதே இடத்தில். பக்கத்துக் காணிப் பிள்ளைகள் பிறகு வரவில்லை. நீங்களும் வரவில்லை. உங்கள் வீட்டில் விடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கும் வந்தது. இந்த முறை மெய்யாகவே. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. மண்டபத்தில் என்னைக் கேட்டவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கலாம். அம்மாள் ஒருவருக்கு ஒருதரம்தான் வருவா, மறுதரம் வரமாட்டா என்பது மாமி வாயாலேயே நாங்கள் ஆயிரம் முறை கேட்டது. அண்ணா அதைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப முதல் வந்தது என்ன மாமி?"

மாமி கொஞ்சம் யோசித்தார்.

"கோவிச்சுக்கொண்டு போனவா திரும்பி வந்திருக்கிறா" என்றார்.

மாப்பிள்ளை ஒருநாள் பின்னேரம் வந்தார். மணி அடிக்கவில்லை. சைக்கிளிலிருந்து ஒரு காலை மட்டும் ஊன்றியபடி படலைக்கு வெளியே நின்றார். அப்பா, "உள்ளுக்கு வாருமன்" என்றார். அவர் வரவில்லை.

"நானும் தண்ணி திறக்கிறவன்தான் அண்ணை" என்றார். "மேலிடத்திலை கேட்டுப்போட்டுத்தான் திறக்கிறனான்."

சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். நன்றாக யோசித்து, ஒத்திகை பார்த்து வந்த வசனம்போல இருந்தது. குசினி யன்னலில் அன்று சாக்கு இல்லை. சின்னம்மா நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கொப்புளம் காய்ந்து தண்ணீர் வார்க்க நாள் பார்த்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுச் செப்புக் குடத்தில் தண்ணீரை வெயிலில் வைத்தார்கள். சின்னம்மாவைக் குடத்தைத் தொடக்கூட விடவில்லை. அன்று காலை பஸ்ஸில் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கொண்டுபோய் ஏற்றினார். போவதற்கு முன் அறை வாசலில் நின்று, "கிணத்துக்குள்ளை ஐஸ்பழம் விட்டிருக்கிறன். பின்னேரம் இழுத்துப் பாருங்கோ" என்றார். அண்ணா இழுத்தான். சிரட்டைக்குள் தேசிக்காய்த் தண்ணீர் இருந்தது. நாங்கள் அதைக் குடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் கதை அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு இரண்டு இடத்தில் பேசிப் பார்த்தார்களாம். பிறகு பேசவில்லை. தமையன் வீட்டுக் குசினியில் அவர் காலம் போனது. பிள்ளைகள் நிறைந்த வீடு. தமையன் மனைவி எல்லாப் பிள்ளைகளையும் அவரிடம் விட்டார், குளிக்க வார்ப்பதைத் தவிர.

அப்பாவும் மாமியும் காலமாகி, யுத்தமும் முடிந்த பிறகு, ஒரு வைகாசியில் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். தலை முழுக்க வெள்ளை. பற்கள் இல்லாத வாயால் இப்போதும் கை மூடாமல் சிரித்தார். வெளியே நல்ல வெயில். தேநீர் தந்தார். தான் குடிக்கவில்லை.

"விரதம்" என்றார். "ஒவ்வொரு வைகாசியும் அம்மாளுக்குப் பிடிக்கிறனான்."

கொஞ்ச நேரம் என் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேட்கவேணும். அண்டைக்கு உன்ர கழுத்திலை இருந்தது... அது வேர்க்குருதானே?"

நான் திகைத்துப்போனேன். என் கணக்கையெல்லாம் சொன்னேன்: வண்டிக்காரரை, என் தழும்பை, ஒருதரம்தான் வருவா என்ற மாமியின் சொல்லை. பிறகு அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதையும் சொன்னேன்.

"அத்தானுக்குத் தெரியுமோ?"

"ஓம் சின்னம்மா. வந்த அண்டைக்கே தெரியும்."

கையில் இருந்த விசிறியை அவர் மடியில் வைத்தார்.

"நான் இவ்வளவு காலமும் அம்மாளிட்டையல்லோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தனான்" என்றார்.

உள்ளேயிருந்து தமையனின் மருமகள் எட்டிப்பார்த்து, "மாமி, விரதம் முறிக்கிறதுக்குப் பழம் வெட்டவோ?" என்று கேட்டாள். நான் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"பொழுது படட்டும் பிள்ளை" என்றார் அவளுக்கு. என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "இனி விட்டால், ஏன் விட்டவா எண்டு சனம் கதைக்கும்."